போனை வைத்த பிறகு

களக்காட்டுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஓடு வேய்ந்த ஒரு மடம் இருக்கிறது. அதை நடத்திவந்தவர் உலகம்மை. வயது நாற்பதுக்குள்தான். அவரிடம் வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்றார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட்டார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

உபதேசம் என்று அவர் உட்கார்ந்து பேசியது கிடையாது. காலையில் தோட்ட வேலை. மத்தியானம் சோறு. சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம். பதில் உடனே வராது.

தை மாதம் அங்கே வந்து சேர்ந்தவர் தவசிலிங்கம். உடன்குடிப் பக்கத்து ஊர்க்காரர். கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து, ஐம்பது தாண்டிய பிறகு வேலையை விட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். மடத்துத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தார். யாரும் சொல்லாமலே சமையல்கட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார். பங்குனி பிறந்ததும் உலகம்மையிடம் போய், தனக்குத் துறவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றார் உலகம்மை.

"அவளுக்குச் சம்மதம்தான் அம்மா."

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உலகம்மை தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சிதம்பரத்தாணு என்பவர் அந்த மடத்தில் நெடுநாளாக இருப்பவர். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு புகாருடன் வந்தார். சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்காரும் நேரத்தில் தவசிலிங்கம் மட்டும் மடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்கு ஏறிப் போகிறார். அங்கேதான் போனுக்கு டவர் கிடைக்கும். போனால் இருட்டத் தொடங்கும்போதுதான் இறங்கி வருகிறார். சில நாள் அவர் சிரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கிறது.

"யார்கிட்ட பேசுதாராம்?" என்று உலகம்மை கேட்டார்.

"பெண்டாட்டிகிட்டதான்" என்றார் சிதம்பரத்தாணு. கொஞ்சம் நிறுத்தி, "துறவு கேக்கிற ஆளு அம்மா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் உலகம்மையே பாறைக்கு ஏறினார். தவசிலிங்கம் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். உலகம்மை வந்தது அவருக்குத் தெரியவில்லை. உலகம்மை கொஞ்சம் தள்ளி நின்றார்.

வாழைத் தோட்டத்தில் யானை லத்தி கிடந்ததையும், பார்க்கப் போனவர்கள் ஓடி வந்ததையும் தவசிலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிப்போனதையும், அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதால் எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. அவரும் சிரித்தார். முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாயா என்று விசாரித்தார். மடத்தில் யாரும் கேட்டிராத குரல் அது. கல்யாணமான புதிதில் ஒருவன் பேசுகிற குரல்.

பேசி முடித்து போனைச் சட்டைப் பையில் போட்டார். எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதிரே இருந்த பாறைச் சரிவைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். தோள்கள் இறங்கிப்போயிருந்தன. உலகம்மை அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பியவர் அவரைக் கண்டு பதறி எழுந்தார்.

"உக்காருங்க" என்று சொல்லி உலகம்மையும் உட்கார்ந்தார். "நல்லா பேசுதீங்க அண்ணாச்சி. கூடத்துல இப்படிப் பேசி நான் கேட்டதில்ல."

தவசிலிங்கத்துக்கு முகம் சிவந்தது. பிறகு, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் மனைவி பெயர் சுயம்புக்கனி. கல்யாணமாகி இரண்டு மாதம் முடிவதற்குள் அவருக்கு விசா வந்துவிட்டது. போகும்போது இருவரும் ஒருவருக்கொருவர் சரியாகப் பழகியிருக்கவில்லை. அப்போது ஊருக்குப் போகிற ஆட்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்து அனுப்புவார். அப்புறம் உடன்குடி பஜாரில் இருந்த போன் பூத்துக்கு இத்தனை மணிக்கு வரச் சொல்லி, அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். அப்புறம் வீட்டுக்கே போன் வந்தது. அப்புறம் கைபேசி. கடைசியில் வீடியோ. ஒவ்வொன்றும் வரும்போது இருவரும் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்தார்கள். முதல் சண்டை போனில்தான். மகள் பிறந்ததும், அவளுக்குப் பெயர் வைத்ததும் போனில்தான். சுயம்புக்கனியின் மேல் தனக்கு எவ்வளவு ஆசை என்று அவர் முதன்முதலாகச் சொன்னதும் போனில்தான். லீவுக்கு வருவார். வந்தால் விருந்தும் சொந்தக்காரர்களுமாக நாள் போய்விடும். பேச வேண்டியதை எல்லாம், கத்தார் போய் இறங்கிப் போனில் பேசிக்கொள்ளலாம் என்று இருவருமே விட்டுவிடுவார்கள்.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு, அவர் ஒரேயடியாக ஊர் வந்தார். வீட்டில் அவரும் சுயம்புக்கனியும் மட்டும்.

"பேச்சு வரல அம்மா" என்றார். "சாப்டியான்னு கேப்பேன். சாப்டேன்னு சொல்லுவா. அதோட முடிஞ்சிரும். பஸ் ஸ்டாண்டுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கிற ரெண்டு பேரு மாதிரி இருந்தோம்."

ஒருநாள் வீட்டு மோட்டாருக்குச் சாமான் வாங்கத் திருநெல்வேலி போயிருந்தார். அங்கே இருக்கும்போது சுயம்புக்கனியிடமிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினார். பேச்சு ஆறு மாதிரி வந்தது. கடை வாசலில் நின்று வெகு நேரம் பேசினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக் கதவைச் சுயம்புக்கனி திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாப்டீங்களா என்றார் சுயம்புக்கனி. சாப்டேன் என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவர் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போகத் தொடங்கினார். வெளியே போக முடியாத நாட்களில் மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுவார். சுயம்புக்கனி அடுக்களையில் இருந்து எடுப்பார். ஒருமுறை மகள் வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அவரால் மாடி ஏற முடியவில்லை. இந்த மடத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். வந்துவிட்டார்.

"இங்க இருந்தா அவகூட நல்லா இருக்கேன். வீட்டுல இருந்தா அவ இல்லாத மாதிரி ஆயிருது. சும்மா வந்து தங்கினா ஊர்ல என்ன ஏதுன்னு கேப்பாங்க. துறவுன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

உலகம்மை சிரிக்கவில்லை. கீழே மடத்தில் விளக்குப் போட்டது தெரிந்தது.

"அக்காவை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

"எதுக்கும்மா?"

"சம்மதம்னு சொன்னீங்கல்ல. அதை அவங்க சொல்லிக் கேக்கணும்."

அடுத்த வாரம் சுயம்புக்கனி வந்தார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மடத்துக்கென்று ஒரு பெட்டி கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்ற கணவரைப் பார்த்து, மெலிஞ்சிட்டீங்க என்றார். இல்லையே என்றார் தவசிலிங்கம். அவ்வளவுதான். ஒருவர் ஆண்கள் பக்கம் போனார். மற்றவர் பெண்கள் பக்கம் போனார்.

மறுநாள் காலையில் உலகம்மை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுயம்புக்கனியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தார்.

"அண்ணாச்சி இங்கயே இருக்கட்டுமா அக்கா?"

"இருக்கட்டும். அவருக்கு இங்க நல்லா இருக்கு."

"உங்களுக்கு?"

சுயம்புக்கனி அந்தக் கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போலப் பேசத் தொடங்கினார்.

கணவர் போனில் கூப்பிடாத நாளே கிடையாது. ஊரில் மற்ற பெண்கள் எல்லாம், உனக்கு என்ன குறை, தினமும் பேசுகிற மனுஷன் என்பார்கள். அதனால் குறை என்று யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சாயங்காலம் ஆனால் முகம் கழுவித் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்வார். போனில் முகம் தெரியாத காலத்திலும் அப்படித்தான். வீடியோ வந்த பிறகு விளக்குக்கு நேர் கீழே உட்காருவார், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு தெரியக் கூடாது என்று. பேசுகிற நேரம் நன்றாக இருக்கும்.

"வெச்ச பிறகுதான்" என்றார் சுயம்புக்கனி. "போனை வெச்ச பிறகு வீடு பெரிசாயிரும். அதுக்கப்புறம் நான் ஒரு மாதிரி உக்காந்திருப்பேன். சோறு போட்டுச் சாப்பிடத் தோணாது. மக வந்து உலுக்குவா. அவ கல்யாணமாகிப் போன பிறகு உலுக்கவும் ஆளில்லை."

உலகம்மை கீரைத் தண்டை ஒடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் ஊரோட வந்தப்ப, இனிமே அந்த நேரம் இருக்காதுன்னு நினைச்சேன். அவர் எதிர்ல உக்காந்திருக்காரு. அந்த நேரமும் அப்படியே இருக்கு. அந்த மூஞ்சியை அவர் பாத்ததே இல்ல அம்மா. பாத்தா, இவ யாருன்னு நினைச்சிருவாரு. அதான் அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டேன்."

"அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

சுயம்புக்கனி நிமிர்ந்து பார்த்தார்.

"போன்லயா?" என்றார்.

மத்தியானம் உலகம்மை தவசிலிங்கத்தைத் தோட்டத்தில் பிடித்தார். வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார் அவர்.

"அண்ணாச்சி, போனை வெச்சதும் அக்கா என்ன செய்வாங்க?"

"வேலை இருக்கும். ஏதாவது செய்வா."

"நீங்க?"

தவசிலிங்கம் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மடையை அடைத்தார். பிறகு, கத்தாரில் தங்கியிருந்த கேம்ப்பைப் பற்றிச் சொன்னார். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர். எல்லோருமே வேலை முடிந்து வந்த நேரத்தில்தான் வீட்டுக்குப் பேசுவார்கள். பேசி முடித்ததும் ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

"அதை அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"அதைச் சொல்லி அவளை எதுக்கு வருத்தணும்?"

உலகம்மை அடுக்களைக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் கணவன் மனைவி இருவரையும் அவர் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுயம்புக்கனிக்கு முட்டி வலித்தது. மெதுவாகத்தான் ஏறினார்கள். தவசிலிங்கம் முன்னால் போய்ப் போய் நின்றார். கை கொடுக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கொடுக்கவில்லை.

அது நீளமான பாறை. ஒரு முனையில் நெல்லி மரம் ஒன்று சாய்ந்து நிற்கும். மறு முனையிலிருந்து பார்த்தால் கீழே வாழைத் தோட்டங்கள் தெரியும். சுயம்புக்கனியை மரத்தடியில் உட்கார வைத்தார் உலகம்மை. தவசிலிங்கத்தை மறு முனைக்குப் போகச் சொன்னார். இருவரையும் ஒருவரையொருவர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொன்னார்.

"தினமும் பேசுத மாதிரி பேசுங்க" என்றார். "முடிச்சு வெச்சதும் திரும்பிப் பாருங்க."

"பக்கத்துல இருக்கும்போது போன்லயா அம்மா?" என்று தவசிலிங்கம் கூச்சத்தோடு கேட்டார்.

"வீட்டுல செஞ்சதுதானே."

உலகம்மை இறங்கிப் போய்விட்டார்.

தவசிலிங்கம் எண்ணை அழுத்தினார். முதலில் வார்த்தை தட்டுத் தடுமாறி வந்தது. சுயம்புக்கனி பஸ்ஸில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியைத் துண்டில் மூடி மடியில் வைத்திருந்தார். அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். அது குட்டிதான், நிற்கக்கூட இல்லை, மடியில் இருப்பதற்கு எப்படி டிக்கெட் என்றார் பெரியவர். அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குட்டி கத்தியது. பஸ்ஸே சிரித்தது. தவசிலிங்கமும் சிரித்தார். அப்புறம் பேச்சு தானாகப் போயிற்று. மகளைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பற்றி, வழக்கமாகப் பேசுவதை எல்லாம் பேசினார்கள்.

"சரி, வெச்சிரட்டுமா?" என்றார் தவசிலிங்கம்.

"ம். வெச்சிருங்க."

வைத்தார். திரும்பிப் பார்த்தார்.

சுயம்புக்கனி இன்னும் திரும்பியிருக்கவில்லை. பக்கவாட்டில் முகம் தெரிந்தது. சிரிப்பு அதிலிருந்து ஒரேயடியாகப் போயிருந்தது. போனைச் சேலை முனையால் துடைத்தார். மடியில் வைத்தார். அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்து ஒடிந்தாற்போல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ ஒரு வயதான பெண்ணை, எங்கேயோ இறக்கிவிட்டுப் போய்விட்டது போல இருந்தது. பொட்டு மட்டும் நேராக இருந்தது.

தவசிலிங்கம் அந்த முகத்தை அதுவரைக்கும் பார்த்ததில்லை. எழுந்து நின்றார். தன் நிழல் பாறையில் நீண்டு கிடந்ததைப் பார்த்தார். கூப்பிடத் தெரியவில்லை.

நேரம் கழித்துத்தான் சுயம்புக்கனி திரும்பினார். அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தை மாற்றப் பார்த்தார். மாறவில்லை.

"என்ன பாக்கீங்க?"

"எப்பவும் இப்படித்தான் இருப்பியா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"நீங்க முதல்ல போனீங்கல்ல. அப்ப இருந்து."

தவசிலிங்கம் பாறையைக் கடந்து வந்தார். ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார். இன்னும் பக்கத்தில் வரச் சுயம்புக்கனி சொல்லவில்லை.

"நான் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவேன்" என்றார் அவர். "விடியுத வரைக்கும் அப்படியேதான்."

சுயம்புக்கனி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்தது. கீழே தோட்டத்தில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இறங்கும்போது தவசிலிங்கம் கையை நீட்டினார். சரிவான இடங்களில் மட்டும் சுயம்புக்கனி அதைப் பிடித்துக்கொண்டார். சமதளம் வந்ததும் விட்டுவிட்டார்.

காலையில் சுயம்புக்கனி ஊருக்குக் கிளம்பினார். வாசலுக்கு வெளியே, பஸ் வருகிற பாதையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உலகம்மை முற்றத்தில் நெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் வந்து நின்றார். கையில் பை இருந்தது.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று உலகம்மை கேட்டார்.

"வாங்கன்னும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. கண்டக்டர் கேட்டா ஒரு டிக்கெட்டுன்னு சொல்லவா, ரெண்டு டிக்கெட்டுன்னு சொல்லவான்னு மட்டும் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"பெறகு என்ன?"

தவசிலிங்கம் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து அந்த ரெண்டு வார்த்தைக்கு மேல வரல அம்மா. கீழ இறங்குத வரைக்கும் வரல. காலையில சாப்டியான்னுதான் கேட்டேன். சாப்டேன்னுதான் சொன்னா. வீட்டுக்குப் போயி, அவளும் நானும் உக்காந்து, மறுபடியும் பேச்சு வரலைன்னா என்ன செய்ய?"

உலகம்மை குனிந்து நெல்லைக் கையால் பரப்பினார். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"வராது அண்ணாச்சி" என்றார். "கொஞ்ச நாளைக்கு வராது."

தவசிலிங்கம் நகரவில்லை. உலகம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்ப எந்திரிச்சுப் போயிராதீங்க."